ஈரம் படாத மருந்து

“மொளகா அரைக்கிற மில்லுல மருந்தா? அந்த லோரிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டதே நீங்கதான் சார்! இப்ப வைத்தியம் பாக்க வந்துட்டீங்க!”

“நான்தான் போட்டன் பாய். அதனாலதான் வந்து நிக்கிறன். கொஞ்சம் கேளுங்கோ.”

கிள்ளான் பாசாருக்குப் பின்னால் மசாலா மில் வைத்திருந்த பீர் முகம்மதின் மனைவி காத்தூன் பீவி, 1976 மே மாதத்துக்குள் இடது மணிக்கட்டுவரை கரைந்திருந்தார். வலியில்லை, இரத்தமில்லை. பெட்டாலிங் ஜெயாவின் மருந்துத் தொழிற்சாலை ஒன்று, தூள்களைக் கரைத்து மிஞ்சிய திரவத்தை அவர்கள் கிணற்றுக்குப் பின்னால் லோரி லோரியாகக் கொட்டிவந்தது. லோரிக் காகிதத்தில் கையெழுத்திட்டவர் அந்தத் தொழிற்சாலையின் கெமிஸ்ட், நான்கு வீடு தள்ளியிருந்த சண்முகரத்தினம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது என்பது எதிர்வீட்டு இராஜம்மாவின் கண்டுபிடிப்பு.

ஆஸ்பத்திரி மாத்திரையும் அதே திரவத்தில் கரைத்துச் செய்ததுதான். விழுங்கிய மாலையே ஒரு காது போயிற்று. சண்முகரத்தினம் சொன்னது வேறு: இரண்டு தூள்களை இரும்புக் குண்டுகளோடு போட்டு உருட்டினால், இடிபட்டே அவை கூடி அதே மருந்தாகிவிடும், திரவமே வேண்டாம், கொட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. தொழிற்சாலையிலும் இதைச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் சிரித்துவிட்டு அடுத்த லோரிக் காகிதத்தை நீட்டினாராம். இவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆள் அப்படி.

சண்முகரத்தினத்திடம் அப்படிக் கத்திய மூன்றாம் நாள் பீர் முகம்மது இறங்கிவந்தார். மில் மோட்டாரில் ஒரு இரும்பு டின்னைப் பூட்டி, லோரி பேரிங் குண்டுகளைப் போட்டு ஆறு மணி நேரம் சுற்றினார்கள். வந்த தூளில் மிளகாய் நெடி. காத்தூன் பீவி தும்மித் தும்மி விழுங்கினார். கரைவது நின்றது. ஒற்றைக் கையால் அவர் ரொட்டி தட்டுவதை நாங்கள் எல்லோரும் ஏதாவது சாக்கு வைத்துப் போய்ப் பார்த்தோம்.

“ஒரு சொட்டு ஈரமும் படக்கூடாது பாய். பட்டா, அதே தூள் வேற மாதிரிக் கூடிப்போகும்.”

“தெரியும்லா, எத்தனை வாட்டி சொல்வீங்க!”

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் மில்லில் கால் வைக்க இடமில்லை. மிளகாய்த்தூள் நிறம் மங்காதிருக்க, அரைக்கும்போது ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவது பீர் முகம்மதின் இருபத்தாறு வருஷக் கைப்பழக்கம். அன்று வரிசையாக எல்லாவற்றிலும் விட்டார். மனைவியின் டின்னிலும்.

காத்தூன் பீவி பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, தூளை வாயில் போட்டார். மகள் பரீதா தண்ணீர் கொண்டுவருவதற்குள் பாயில் சேலையும் மூன்று வளையலும்தான் கிடந்தன. வேறொன்றும் இல்லாததால் சேலையை அடக்கம் செய்தார்கள்.

சண்முகரத்தினம் டின்னை முகர்ந்து பார்த்து, மெல்ல மூடினார். “தூள் பழசு பாய். என்ட பிழைதான்.”

பீர் முகம்மது தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்பதை இராஜம்மாவாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சண்முகரத்தினம் வேலையை விட்டு, மார்க்கிரட் என்கிற டீச்சரைக் கட்டிக்கொண்டு செராஸுக்குப் போனார். லோரிகளுக்கு வேறொருவர் கையெழுத்திட்டார். 1979இல் பந்திங்கிலிருந்து பரீதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வரவில்லையா என்று பீர் முகம்மது கேட்டார்.

“கரைஞ்சுட்டாங்க,” என்றார் மாப்பிள்ளையின் அத்தா.

“இங்கயும் அப்படித்தான்,” என்றார் இவர்.

தேநீர் ஆறுவதற்குள் தேதி குறித்தார்கள். ஜனவரியில் பரீதா பந்திங்குக்குக் குடிபோனாள்.