சின்னய்யாவைத் தேடிப் போட்ட வேஷம்

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் செங்கல்வராயனைத் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய சந்தேகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. விசைத்தறிக் கொட்டகை வைத்திருந்தார். நூல் கொண்டுவருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஏன் கழற்றினான் என்று யோசிப்பார், கழற்றாவிட்டால் ஏன் கழற்றவில்லை என்று யோசிப்பார். தங்கை வரலட்சுமிக்கு வந்த வரன்களையும் இப்படியே யோசித்து யோசித்து விரட்டினார். பெங்களூர்க் கம்பெனிக்காரனுக்கு அங்கேயே ஒரு குடும்பம் இருக்கும் என்றார். சூளூர்பேட்டைக்காரன் அதிகம் பேசவில்லை, அதனால் வலிப்பு இருக்கும் என்றார். நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்த வரலட்சுமிக்கு அதற்குள் முப்பது நெருங்கிவிட்டது. அப்பா அம்மா இல்லாத பெண். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போதுதான் தேவேந்திரன் பெண் கேட்டு வந்தான்.

தேவேந்திரன் என்றால் யாருக்கும் தெரியாது. சின்னய்யா என்றால் குழந்தைகள் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். 'கொண்ட கிந்த இல்லு' என்று தெலுங்கில் ஒரு திகில் படம், மூன்று பாகம் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு வீடு. மழைக்கு ஒதுங்குகிறவர்களை அந்த வீட்டுக் குடும்பம் உள்ளே அழைத்து, இலை போட்டுச் சோறு போட்டு, பிறகு கொன்று மாட்டுக்கொட்டகையில் புதைத்துவிடும். அப்பன் கத்துவான், அண்ணன் கோடாலி எடுப்பான், இரண்டாவது பிள்ளை சின்னய்யா மட்டும் சிரித்துக்கொண்டே பரிமாறுவான். கேபிள் டி.வி. வந்த புதிது. அடிக்கடி இந்தப் படத்தைப் போட்டு நகரியையே நடுங்க வைத்தார்கள். மூன்றாம் பாகத்தில் சின்னய்யாவுக்குக் கல்யாணம் ஆகும். அந்த மருமகள் கதி என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சின்னய்யாதான் தேவேந்திரன். பூர்வீகம் நகரிதான். அவனுடைய நைனா காலத்திலேயே குடும்பம் திருப்பதிக்குப் போய்விட்டது. ஷூட்டிங் இருந்தால் ஹைதராபாத், இல்லாவிட்டால் திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே சொந்தமாக வைத்திருந்த எஸ்.டி.டி. பூத். பெண் பார்க்க வந்த அன்று பாயில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டான். "பசங்க சேட்டை பண்ணா அடிப்பீங்களா டீச்சர்?" என்று வரலட்சுமியைக் கேட்டான். "சின்னய்யா வராருன்னு சொல்லுவேன், அடங்கிடுவாங்க" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்று மாலை, "எனக்குப் புடிச்சிருக்குண்ணா" என்றாள் வரலட்சுமி. அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

செங்கல்வராயனுக்குத் தூக்கம் போயிற்று.

"சிரிக்கிறான் பாத்தியா? சினிமால சோறு போடறப்போ சிரிச்சான் இல்ல, அதே சிரிப்பு" என்றார் மனைவி கமலம்மாவிடம்.

"அந்தாளுக்குக் கீறது ஒரு வாய். வேற எதுல சிரிப்பாரு?"

"நடிப்புன்னா மூஞ்சி மாறணும்டி. இவன் மூஞ்சி மாறவே இல்ல. அப்ப அது நடிப்பில்ல, கொணம்."

விசாரிக்கக் கிளம்பினார். பூத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். தேவேந்திரன் கிழவிகளுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தான். பேசி முடித்து அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். டீக்கடைக்காரன், பூக்காரி, லாட்ஜ் வாட்ச்மேன் எல்லாரும் தங்கமான மனுஷன் என்றார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் செங்கல்வராயனுக்கு உறுத்தியது. ஊரில் ஒருத்தன்கூடவா குறை சொல்லமாட்டான்? யாரோ வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

அந்தச் சமயத்தில் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை வந்தது. திருவிழா என்று தண்டோரா அடித்துச் சாட்டிம்பு போட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். தேவேந்திரனும் ஷூட்டிங்கை விட்டு வந்திருப்பான். பெண்களைக் கெடுத்த பாளையக்காரன் ஒருவன் அம்மனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான், அம்மன் வேஷம் மாற்றி மாற்றி, வாய்க்கு வந்தபடி திட்டி, அவனை வெளியே இழுத்துக் கொன்றாள் என்பது கதை. அதனால் வேஷம் போட்டவர்கள் வீதியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் திட்டுவார்கள். திட்டு வாங்குகிறவர்கள் கோபப்படாமல் கும்பிடுவார்கள். அம்மனே வந்து திட்டியதாக நம்பிக்கை.

செங்கல்வராயனுக்குப் பளிச்சென்று பட்டது. பாளையக்காரன் வெளியே வந்தான் என்றால் சின்னய்யாவும் வருவான். கொலைகாரப் புத்தி உள்ளே இருந்தால் நாலு வசவுக்குத் தாங்காது.

ஜாத்திரையில் பண்ட வேஷம் கட்டும் நாளன்று திருப்பதிக்குப் போனார். உடம்பெல்லாம் குங்குமம் குழைத்துப் பூசி, முகத்தில் கரிப்புள்ளி வைத்து, வேப்பிலையைக் கையில் பிடித்து, மேளக்காரர்களோடு தேவேந்திரன் தெருவுக்குள் நுழைந்தார். பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் தெரியாது.

தேவேந்திரனின் தாய் கிருஷ்ணம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். வயதான மனுஷி, குனிந்து அவர் காலைக் கழுவிக் கும்பிட்டாள். பின்னாலேயே தேவேந்திரன் கைகூப்பிக்கொண்டு வந்து நின்றான்.

"ரேய், பைட்டிகி ராரா! வெளிய வாடா!" என்று ஆரம்பித்தார். தெலுங்கில் திட்டினார், தமிழில் திட்டினார். அவன் வம்சத்தைத் திட்டினார், பிழைப்பைத் திட்டினார். தேவேந்திரன் கூப்பிய கையை எடுக்கவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. அதே சிரிப்பு. செங்கல்வராயனுக்குத் தலைக்கேறியது.

"சிரிக்கிறியாடா கொலகாரா! எங்க வரலட்சுமிய எந்தக் கொட்டாயில பொதைக்கப் போற? சொல்லுடா!"

மேளம் நின்றுவிட்டது. அவர் காலடியில் இருந்த கிருஷ்ணம்மா நிமிர்ந்து பார்த்தாள். தேவேந்திரன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. இதோ வருகிறான் என்று செங்கல்வராயன் வேப்பிலையை இறுக்கிப் பிடித்தார். உள்ளுக்குள் நடுக்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தேவேந்திரன் கிட்டே வந்து அவர் கண்ணைப் பார்த்தான்.

"மச்சான், கங்கம்மா ஊரையே திட்டும். யார் வூட்டுப் பொண்ணு பேரையும் வீதியில இழுக்காது" என்றான் மெதுவாக. "நானும் வேஷத்துலதான் கொல்றேன். கட் சொன்னா வூட்டுக்கு வந்துடறேன்."

"இந்தக் காலையா நான் கழுவினேன்?" என்று கிருஷ்ணம்மா அழ ஆரம்பித்தாள். தேவேந்திரன் தாயைத் தூக்கி நிறுத்தினான். "அழாதம்மா. மச்சான், உள்ள வாங்க. குளிச்சிட்டு ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."

சோறு என்றதும் செங்கல்வராயன் வந்த வழியே வேகமாக நடந்தார்.

பொழுது சாய நகரிக்கு வந்து சேர்ந்தார். வரலட்சுமி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கையின் நன்மைக்குத்தானே செய்தார்.

"அவ்வளவு திட்டினேன், கோவமே வரல. ஒரு மனுசனுக்குக் கோவம் வராம இருக்குமா? அங்கதான் எனக்கு இன்னும் சந்தேகம் வருது. இந்த சம்பந்தம் வேணாம்மா."

"அவர் ஸ்கூலுக்கு போன் பண்ணாரு" என்றாள் வரலட்சுமி. "எல்லாம் சொன்னாரு. அவங்க அம்மா இன்னும் அழுதுகினு கீறாங்களாம்."

"பாத்தியா, அதுக்குள்ள கோள் சொல்லிட்டான்."

வரலட்சுமி எழுந்து நின்றாள்.

"நம்ம வூட்டுக்குப் பொண்ணு கேட்டு எத்தினி பேர் வந்தாங்கண்ணா! எல்லாருக்கும் பாய் போட்டோம், பஜ்ஜி குடுத்தோம், காப்பி குடுத்தோம். ஒருத்தராவது உயிரோட திரும்பிப் போனாங்களா?"

செங்கல்வராயன் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கை அவர் பார்த்ததே இல்லை.

"அவர் நாளைக்கு வந்து உன்கிட்ட மறுபடியும் பேசறேன்னாரு. நான்தான் இந்த வூட்டுக்கு வரவேணாம்னேன்" என்றாள். "எனக்கு பயமா கீது. நானே போய் அவங்க அம்மா கால்ல வுழுந்து கேக்கறேன். அவங்க சரின்னா ஜாத்திரை முடிஞ்சதும் அங்கயே கல்யாணம்."

வளர்த்த பெண் தன்னைப் பார்த்துப் பயம் என்கிறாள். அவருக்கு அடிக்கவும் தோன்றவில்லை, அழவும் தெரியவில்லை.

"தனியா எப்பிடிப் போவ? யாரு கூட்டிக்கினு போவா உன்ன?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்" என்று உள்ளேயிருந்து கமலம்மா சொன்னாள். வரலட்சுமியின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள், தன் புடவைகளிலும் இரண்டை எடுத்து அதே பையில் வைத்தாள்.