அரசியின் தலைவலி

ஹன்யாங் அரண்மனையில் பட்டத்தரசியின் தலைவலி ஓர் இலையுதிர்காலத்தில் அரசியின் தலையை விட்டு இறங்கி, மல்சுன் என்ற சாமியாடியின் தலைக்குப் போனது. நெற்றியோடு நெற்றி வைத்து அவள் அதை வாங்கிக்கொண்டாள். சட்டியிலிருந்து சட்டிக்குக் கூழை மாற்றுகிற மாதிரி, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் இடது கண்ணுக்குப் பின்னால் குத்திக்கொண்டிருந்த வலி போனதும் அரசி வாய்விட்டுச் சிரித்தாள். துறைமுகத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த மல்சுனுக்கு வீடும் பல்லக்கும் பட்டமும் கிடைத்தன. யாரைத் தளபதியாக்குவது என்றுகூட அவளைத்தான் கேட்டார்கள். அமைச்சர்கள் கொதித்துப்போய், அவளை நாடு கடத்தச் சொல்லி முற்றத்தில் பாய் விரித்து முழங்காலிட்டார்கள். மழையில் நனைந்து, சளி பிடித்து, வீட்டுக்குப் போனார்கள்.

நாடு எக்கேடு கெட்டால் ஒக்வோலுக்கு என்ன? அரசியின் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பவள் அவள். என்றாவது ஒருநாள் விஷத்தை விழுங்கி அரசியின் மடியில் விழுந்து சாகலாம் என்று சிறுவயதிலிருந்து காத்திருந்தாள். பாழாய்ப்போனவர்கள் ஒருவருக்கும் விஷம் வைக்கத் தோன்றவில்லை. அரசி அவளை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. இந்தக் கருவாட்டுக்காரியையோ "அக்கா" என்று பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே நெற்றியைப் பிடித்துவிட்டாள். ஒக்வோலுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, அவள் ஏந்தி நின்ற கிண்ணத்தில் கஞ்சி ஆறாமல் கொதித்தது. சமையற்கட்டில் விறகு மிச்சமானது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மல்சுன் வீட்டுக்கே போய் நின்றாள்.

"அந்தத் தலைவலியை எனக்குக் குடுத்துடு."

"ஐயோ, எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும்! உயிரே போகுது எனக்கு," என்றாள் மல்சுன். "ஆனா, எனக்காவது வெளியே வீடு இருக்கு. சீக்கு வந்தவங்களை அரண்மனையில வெச்சுக்க மாட்டாங்களே?"

அதுவும் உண்மைதான். ராஜ குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அங்கே சாகக் கூடாது என்பதால், நோய் கண்டவர்களை உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"நான் வாயைத் திறந்தாத்தானே தெரியும்?" என்று ஒக்வோல் நெற்றியை நீட்டினாள்.

முதலில் அது இனிப்பாகத்தான் இருந்தது. மண்டை பிளக்கப் பிளக்க, அரசிக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நின்றாள். ஆனால் அரசிக்கு எப்படித் தெரியும்? அவள் பழையபடி மல்சுனின் நெற்றியையே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வலிக்குதாக்கா?"

"ஆமா தாயே, தாங்க முடியலை," என்று பேரிக்காயை மென்றுகொண்டே கூசாமல் முனகினாள் மல்சுன்.

ஒக்வோல் ஒரு குளிர்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு ஒரு மதியம் கையிலிருந்த வெள்ளிக் கரண்டியை விட்டெறிந்தாள்.

"பொய்! அவளுக்கு ஒரு வலியும் இல்லை. எனக்குத்தான் வலிக்குது, எனக்கு!"

அரசி எழுந்து வந்து அவளுடைய இடது கண்மேல் உள்ளங்கையை வைத்தாள். தன் வலி அவளுக்குத் தெரியாதா?

"இத்தனை நாளா நீயா சுமந்தே?" என்றாள். கையை எடுக்க வெகுநேரமானது. "அக்காகிட்டயே திருப்பிக் குடுத்துடு. நீ இங்கேயே இருக்கலாம்."

"உயிரே போனாலும் அவளுக்குக் குடுக்க மாட்டேன்."

அன்று சாயங்காலமே ஒக்வோலைப் பக்கவாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மல்சுன் உள்ளே அரசியின் பக்கத்தில் இருந்தாள். ஒக்வோல் கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு குடிசையில் வலியோடு வாழ்ந்தாள். அரசியை அதன் பிறகு பார்க்கவே இல்லை.

ஆண்டுகள் போயின. அரசி இறந்தாள். அமைச்சர்கள் மறுநாளே மல்சுனின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்தினார்கள். அரசியின் உடைகளையும் சீப்பையும்கூட எரித்துவிட்டார்கள். ஒக்வோலின் தலையிலிருந்த அந்தத் தலைவலி மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் குடிசை வாசலில் மல்சுன் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பாதியாவது குடுங்கம்மா. அவங்களோடதுன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லை."

ஒக்வோல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கே பத்தலை," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.