ஒரு மணிக்குத் தேடி வர்ற கொழுப்பு

என் பேரு காசியான் போதேயா. வயசு இருபத்தாறு. ஸ்பெயின்ல காஸ்தெயோன் பக்கம் டைல்ஸ் சுடுற ஊர்ல, அம்பாரோங்கிற அம்மா வீட்டு மாடியில, நம்ம நாட்டுக்காரங்க மூணு பேரோட தங்கியிருக்கேன். மூணு வருஷமா தெனமும் மத்தியானம் ஒரு மணிக்கு இந்தத் தெருவுல இருக்குற கொழுப்பு பூரா என் கதவுக்கு வந்துடுது. நான் பேசப் பேச போனே எழுத்தா மாத்துது, அப்படித்தான் இத ஊருக்கு எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. நான் நான்னு சொல்ல வாய் வரல, வெக்கமா இருக்கு. அதனால காசியான்னு வேற எவனோ ஒருத்தனப் பத்தி சொல்ற மாதிரி சொல்றேன்.

காசியானுக்கு மொதல்ல வயித்து வலி வந்தது ஒரு ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அப்புறம். முதுகு வரைக்கும் ஆணி அடிச்ச மாதிரி வலி. மூணாவது தடவ வந்தப்ப ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டாங்க. கணையம் கெட்டுப்போச்சு, இது போகாது, கூடவே இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு நாளைக்கு மொத்தமா ரெண்டு ஸ்பூன் எண்ணெய்க்கு மேல உடம்புக்குள்ள போகக்கூடாது, சொட்டு சாராயம் கூடாது, ஒவ்வொரு சாப்பாட்டோடயும் மாத்திரை. நான் குடிக்கிறதில்லையேன்னு அவன் சொன்னான். குடிக்காதவங்களுக்கும் வரும்பா, சில பேருக்கு ரத்தத்துலயே இருக்கும்னாங்க. அத அங்க அவனால நம்ப முடிஞ்சுது. ஆனா நம்ம ஊர்ல கணையம்னாலே த்ராயான் சித்தப்பா தான். பிளம்ஸ் சாராயத்துலயே செத்தவரு, அவரு சவப்பெட்டிக்கு முன்னாடியே ஜனங்க சிரிச்சாங்க. அந்த வியாதி பேர அம்மா காதுல எப்படிப் போடுறது? காசியான் போடல.

கூட இருந்தவங்ககிட்ட நோன்பு இருக்கேன்னு சொன்னான். அவிச்ச சோறு, அவிச்ச கேரட்டு, தோல் உரிச்ச வான்கோழி நெஞ்சுக்கறி, முட்டைல வெள்ள மட்டும். நோன்பு முடிஞ்சு கிறிஸ்மஸ் வந்துச்சு, கிறிஸ்மஸ் போய் அடுத்த நோன்பும் வந்துச்சு, அவன் தட்டு மாறல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற திபேரியு அண்ணன் ஒரு நாள் கேட்டாரு, "டேய், ஏசுவே நாப்பது நாளோட நோன்ப முடிச்சு எந்திரிச்சு வந்துட்டாருடா. நீ யாருக்குப் போட்டியா உக்காந்திருக்க? அதுவும் வான்கோழி தின்னுக்கிட்டு நோன்பு இருக்கிறவன நான் இப்பத்தான் பாக்குறேன்." சாப்பிட முடியாததவிட அசிங்கம் வேற இருந்துச்சு. தெரியாத்தனமா கொஞ்சம் எண்ணெய் உள்ள போயிட்டா, நாலு பேருக்கு ஒரே கக்கூஸ், தண்ணிக்கு மேல எண்ணெய் மிதக்கும், மூணு தடவ இழுத்து விட்டாலும் நாத்தம் போகாது. அப்புறம் அவன் குழாயத் தெறந்து விட்டுட்டு உள்ளயே நிப்பான், வெளிய நிக்கிறவங்க கதவத் தட்டித் தட்டி அலுத்துப் போற வரைக்கும்.

கொழுப்பு வர ஆரம்பிச்சது ஒரு மார்ச் மாசம், செவ்வாக்கெழமை. அவன் ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போறவன், அதனால ஒரு மணிக்கு வீட்லதான் சாப்பாடு. அன்னிக்கு மேசை மேல இருந்த உப்புப் போட்ட பன்னிக் கொழுப்ப அவன் கையால தள்ளி வெச்சான். அது திரும்ப நகர்ந்து தட்டுகிட்ட வந்து நின்னுச்சு. கீழ அம்பாரோ அம்மா வீட்டு ஆலிவ் எண்ணெய் பாட்டில விட்டு எறங்கி, ஒவ்வொரு படியா ஏறி, கதவுக்கு அடியில நுழைஞ்சு அவன் செருப்புக்குப் பக்கத்துல குளமா நின்னுச்சு. எதுத்த வீட்டு வெண்ணெய், பேக்கரில இருந்து க்ரீம், கசாப்புக் கடைல இருந்து தொத்திறைச்சிக்குள்ள இருந்த கொழுப்பு மட்டும், எல்லாம் வந்து நின்னுச்சு. எதுவும் அவன் மேல ஏறல, வாய்க்குள்ள பாயல. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்துச்சு, அவ்வளவுதான்.

மொத வாரம் தெருவுல சத்தம் போட்டாங்க. ரெண்டாவது வாரம் கரண்டியும் டப்பாவும் எடுத்துக்கிட்டு வந்து அவங்கவங்க கொழுப்ப அள்ளிட்டுப் போனாங்க. ஒரு மாசத்துல தெருவே சாப்பாட்டு நேரத்த மூணு மணிக்கு மாத்திக்கிச்சு. பேக்கரிக்காரரு கதவுல, க்ரீம் பன் ரெண்டு மணிக்கு மேலதான் கிடைக்கும்னு எழுதி ஒட்டினாரு. யாரும் அவன வையல. அது அவனுக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அம்பாரோ அம்மா பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்துக் கேப்பாங்க, "இன்னிக்கு ஒரு விரல் அளவு கம்மியா இருக்கே. தொட்டியாப்பா?"

"தொடலம்மா."

"தொட்டிருந்தா சொல்லிடு. எண்ணெய் போனாப் போகட்டும், உன்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட எனக்கு இடுப்புல வலு இல்ல."

இப்படி வியாதி தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு, கூட இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது. வீட்ல இருந்து மாசா மாசம், ஊருக்கும் இங்கயும் ஓடுற வியோரெல் வேன்ல பார்சல் வரும். கொழுப்புல ஊறப் போட்ட கறி, ஆறு ஜாடி. நல்லா இருந்துச்சா கண்ணுன்னு அம்மா போன்ல கேக்கும். ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, இன்னும் அனுப்புன்னு காசியான் சொல்லுவான். சொல்லிட்டு போன் வெச்சதும் காது சுடும். யாருக்காவது குடுத்தா அது ஒரு மணிக்குத் திரும்பி வந்துடும், இன்னொருத்தர் வயித்துக்குள்ள போனாத்தான் நிக்கும். அதனால திபேரியு அண்ணனும் மத்த ரெண்டு பேரும் காலைலயே உக்காந்து தின்னு தீப்பாங்க. காலி ஜாடி ஊருக்குத் திரும்பிப் போகணும், அதுதான் வழக்கம், காலியாப் போனாத்தான் பிள்ளை சாப்பிட்டான்னு அர்த்தம். ஜாடில ஒரு பிசுக்கு ஒட்டியிருந்தாலும் அது மத்தியானம் அவனத் தேடி வந்து நிக்குங்கிறதால, காசியான் ஒவ்வொரு ஜாடியையும் சோப்புப் போட்டு மூணு தடவ கழுவி, துணியால தொடச்சு, வெயில்ல காய வெச்சு அனுப்பினான்.

அங்கதான் தப்பு நடந்துபோச்சு. நம்ம ஊர்ல எந்த ஆம்பளையாவது கொழுப்பு ஜாடிய அப்படிக் கழுவிப் பாத்திருக்கீங்களா? அம்மா அந்த ஜாடிய ஜன்னல்ல வெச்சு ரெண்டு வாரம் பாத்திருக்கு. அப்புறம் போன் வந்துச்சு. "காசி, ஜாடிய யாரு கழுவுறா?"

அவன் அடுத்த ஜாடிய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சான்.

"சொல்ல வெக்கமா? இப்படிக் கழுவுற பொண்ணு கெட்ட பொண்ணா இருக்க மாட்டா. பேரு என்னடா?"

நோய்னு சொல்றதுக்கு வந்த வெக்கத்துல அவன் வாயில மொதல்ல வந்த பேரச் சொன்னான். அம்பாரோ.

அம்பாரோ அம்மாவுக்கு எழுபத்தொரு வயசு. இந்த விஷயத்த அவங்ககிட்ட சொன்னப்ப ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "உங்கம்மாவுக்கு என்ன வயசு? அம்பத்தாறா? என்னைவிடச் சின்ன மாமியாருக்கு நான் காப்பி போட்டுக் குடுக்கணுமா?" சிரிச்சு முடிச்சதும் கேட்டாங்க, "அந்தம்மா இப்ப என்ன பண்ணுது?"

அம்மா ரெண்டாவது பன்னி வளக்குது. கல்யாணத்துக்கு. ஒத்த முழங்கால் மடங்காத அம்மா, தெனம் ரெண்டு வேளை ரெண்டு வாளி தூக்குது. கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஊரே பன்னி அறுக்குற இக்னாத் நாள்ல அறுத்து, முற்றத்துலயே வறுத்து, ஊரையே உக்கார வெச்சு, மருமகளுக்கு மொதத் துண்டு குடுக்கப் போகுதாம். அந்தக் கறிய வேணாம்னு சொல்றது அந்த வீட்டையே வேணாம்னு சொல்றதுக்குச் சமம்னு காசியானுக்குத் தெரியும். அவன் மூணு வருஷமா ஊருக்கு வராததுக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னதெல்லாம் பொய்.

போன வாரம் கிரினா அக்கா போன்ல சும்மா பேச்சு வாக்குல சொல்லுச்சு. "அந்தப் பெரிய பன்னிக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சுடா. நூத்தம்பது கிலோ தாண்டினதுல இருந்து மத்தியானம் ரெண்டு மணியானா படல ஒடச்சுக்கிட்டு மேற்கால ரோட்டுல நடக்குது. யாரையும் முட்டறதில்ல, திரும்பிப் பாக்கறதில்ல, வேலைக்குப் போற ஆள் மாதிரி போகுது. அம்மா பின்னாடியே பாலம் வரைக்கும் போய்த் திருப்பிக் கூட்டிட்டு வருது."

"தெனமுமா?"

"தெனமும்தான். பனிலயும்தான். நேத்து பாலத்துகிட்ட வழுக்கி விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலன்னு சொல்லுது, ஆனா உக்காந்தா எந்திரிக்க முடியல."

அங்க ரெண்டு மணின்னா இங்க ஒரு மணி. எனக்குக் கையில இருந்த கரண்டி நின்னுபோச்சு. இப்ப 'நான்'னு வந்துடுச்சு, இருக்கட்டும். அந்தப் பன்னிக்குக் கிறுக்கு இல்லக்கா. அது எங்கிட்ட வருது. மத்ததெல்லாம் மாதிரி அதுவும் ஒரு மணிக்கு எங்கூட நிக்கணும்னு வருது, கால் இருக்கிறதால நடந்து வருது. நான் வாயத் தொறக்காததுக்கு அம்மா பனில அது பின்னாடி நடந்துக்கிட்டு இருக்கு.

அதனால சொல்லிடுறேன். பொண்ணு யாரும் இல்ல, ஜாடிய நான்தான் கழுவினேன். நான் குடிக்கல, ஒரு நாளும் குடிச்சதில்ல, அம்மா நம்பலன்னாலும் அதுதான் உண்மை. வியாதி சாகுற வியாதி இல்ல, சரியாப் போற வியாதியும் இல்ல. அம்மா கை பட்ட கறிய மூணு வருஷமா ஒரு துண்டு நான் வாயில வைக்கல. நல்லா இருந்துச்சுன்னு சொன்னது எல்லாம் பொய். அத நெனச்சா இந்த போனப் பாத்துப் பேசவே தல குனியுது.

வியாழக்கெழமை வியோரெல் வேன்ல நான் வர்றேன், தனியாத்தான். நான் வந்துட்டா பன்னி படல ஒடைக்காது, தொழுவத்துலயே படுத்துக்கும். ஆனா ரெண்டு மணிக்கு ஊர்க் கொழுப்பு பூரா நம்ம வாசலுக்கு வரும், பின்னாடியே ஊரும் கரண்டியோட வரும். பயப்பட ஒண்ணும் இல்ல, கலந்துடாம அவங்கவங்களது தனித்தனியாத்தான் நிக்கும். சாப்பாட்ட மூணு மணிக்கு வெச்சுக்கங்கன்னு அக்கம்பக்கத்துல முன்னாடியே சொல்லி வெச்சுட்டாப் போதும். இங்க எல்லாருக்கும் பழகிடுச்சு, அங்கயும் பழகிடும்.

இத யாரு படிக்கிறீங்களோ, அக்காவோ மாமாவோ, தயவு செஞ்சு அம்மா உக்காந்திருக்கும்போது படிச்சுக் காட்டுங்க, நின்னுக்கிட்டு இருக்கும்போது வேணாம். நான் வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் கறி போடுங்க. எனக்கு ரெண்டு உருளைக்கெழங்கு மட்டும் அவிச்சு வைங்க. உப்பு போடலாம்.