மாவுக்கட்டு பிரித்த பிறகு

வேலையாட்கள் அவனை ஒட்டடைக்கம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஏணி போடும் இடத்தில் அவனுக்கு ஸ்டூல் போதும். பெயிண்டிங் மேஸ்திரியான அண்ணனுக்கு அதில் தனிப் பெருமை. "என் தம்பி இருந்தா சாரமே வேணாம்" என்பார்.

அவன் ஒரு பள்ளிக்கூட மாடிப்படியில் சுவருக்கு பெயிண்ட் அடிக்கும்போது சறுக்கி விழுந்தான். வலது கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு அழகாகக் கூடியிருந்தது. வலி மட்டும் போகவில்லை, ஏறிக்கொண்டே போனது. பாதம் ஒரு நாள் சிவந்து கொதிக்கும். மறுநாள் நீலம் பாரித்துச் சில்லிட்டுவிடும். போர்வை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பான்.

மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லாத்தான் இருக்கு, நடக்க நடக்க சரியாயிடும்" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். மேஸ்திரி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"உக்காந்து சாப்பிட்டு ருசி கண்டுட்டான். எல்லாம் நடிப்பு" என்று ஒரு நாள் வேலையாட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அது வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், மாமா" என்றாள் தம்பி மனைவி. தம்பி அதன் பிறகு அண்ணனிடம் வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

எட்டாவது மாதம் அது நடந்தது. நாலு வயது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள, தன்னை மீறி அவளைத் தள்ளிவிட்டான். குழந்தையின் நெற்றி சுவரில் மோதி வீங்கியது. கேள்விப்பட்ட மேஸ்திரி, "பிள்ளையை வேற அடிக்க ஆரம்பிச்சுட்டானா?" என்று வேலையைப் போட்டுவிட்டு வந்தார்.

மத்தியான நேரம். தம்பி பாயில் கண்மூடிப் படுத்திருந்தான். வலது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. மேஸ்திரியின் சட்டைப்பையில் ஓரம் பூசும் சின்ன பிரஷ் இருந்தது. தூக்கத்தில் எவனும் நடிக்க முடியாதே என்று தோன்றியது அவருக்கு. குனிந்து, பிரஷின் நுனியால் பாதத்தை லேசாக வருடினார்.

அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறக்கும்படி அலறினான் தம்பி.

மறுவாரமே மேஸ்திரி அவனைப் பெரிய ஆஸ்பத்திரியின் வலிநோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா, "தொடலாமா?" என்று கேட்டுவிட்டே பக்கத்தில் வந்தார். பார்த்து முடித்துச் சொன்னார்: "காயம் ஆறிடுச்சு. ஆனா நரம்பு இன்னும் விழுந்த அன்னிக்குலயே நிக்குது. எல்லாருக்கும் வலிங்கிறது அடிபட்டதுக்கு அடையாளம். இவருக்கு வலியே நோயாயிடுச்சு. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு."

பேர் இருக்கு என்றதும் தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"எப்பம்மா குணமாகும்?" என்றார் மேஸ்திரி.

"குறைக்கலாம். முழுசாப் போயிடும்னு உறுதி தர முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா இன்னும் நல்ல பலன் கிடைச்சிருக்கும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "என் சோம்பேறித்தனம்தான் டாக்டர்."

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு நீ தூங்கும்போது பிரஷால..." என்று தொடங்கினார்.

"தூங்கலண்ணே. நீ வந்து நின்னதும் தெரியும், குனிஞ்சதும் தெரியும். காலை இழுத்துக்கத்தான் நினைச்சேன். அப்பவாவது நீ நம்புவேன்னு விட்டுட்டேன்."

பஸ் வந்தது, போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

மாத்திரை, பயிற்சி, பஞ்சால் தேய்த்துப் பாதத்தைப் பழக்குவது என்று ஒரு வருடம் ஓடியது. இப்போது சாக்ஸ் போட முடிகிறது. ஸ்டூல் ஏற முடியாது. ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து நிறம் கலந்து கொடுக்கிறான். மகள் பக்கத்தில் வருகிறாள், ஆனால் இடது பக்கமாகவே வருகிறாள். ஓடி வருவதில்லை.

மேஸ்திரி ஞாயிறு தவறாமல் வந்து, "எப்படிடா இருக்கு?" என்பார். "பரவால்லண்ணே" என்பான் தம்பி. அது பொய் என்று அவன் மனைவியின் முகம் சொல்லும்.

போன வாரம்தான் முதல் முறையாக, "இன்னிக்கு ரொம்ப வலிக்குதுண்ணே" என்றான்.

"ஆமாடா" என்றார் மேஸ்திரி. பொழுது சாயும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தார்.