ஒன்பது பேருக்கும் அவளே அழுத்தினாள்

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல, மேலதிகாரியின் உத்தரவில் உதித்தது.

"நீங்க ஏதோ கதையெல்லாம் எழுதுவீங்களாமே? கிளிக்ஜாக்கிங் பத்தி நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. கடைசியில ஒரு படிப்பினை இருக்கணும்."

கடைசிவரை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: 'ஓர் அலுவலகத்தில் கவனக்குறைவான பெண் ஒருத்தி இருந்…' (அடித்துவிட்டேன். இது அவர் சொல்லிக்கொடுத்த வரி.)

2

விஷயம் இவ்வளவுதான். திரையில் ஒரு பொத்தான் தெரிகிறது. அதன்மேல் இன்னொரு பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி போல விரித்திருக்கிறார்கள். உங்கள் விரல் அழுத்துவது தெரியாத பக்கத்தை. தப்பிக்க வேண்டுமானால் அஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இதற்கு எங்கள் அலுவலகம் நாற்பது பக்கப் பாடம் வைத்திருக்கிறது. (நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.)

3

கதாநாயகி எங்கள் பிரிவின் எழுத்தர். எனக்குப் பக்கத்து இருக்கை.

எந்தப் பாடம் வந்தாலும் அன்று மதியத்துக்குள் எல்லாரும் 'படித்து முடித்தேன்' என்ற பொத்தானை அழுத்தியாக வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் எங்கள் பிரிவு பின்தங்கி, மேலதிகாரியின் மானம் கப்பலேறிவிடும். அதனால் ஒன்பது பேரின் கடவுச்சொற்களும் ஒரே சீட்டில், சீட்டு அவளுடைய விசைப்பலகைக்கு அடியில்.

"நீயே எல்லாருக்கும் கிளிக் பண்ணிடும்மா, உனக்குத்தான் கை வேகம்" என்றவர் மேலதிகாரி. சீட்டின் முதல் வரி அவர் கையெழுத்து.

கிளிக்ஜாக்கிங் பாடம் வந்த அன்று, 'நீங்கள் இன்னும் முடிக்கவில்லை' என்று மேலதிகாரிக்கு ஒரு போலி அஞ்சலும் வந்தது. அவருடைய கணக்கில் இருந்தபடியே அவள் அந்த இணைப்பைத் திறந்தாள். அசல் பாடப் பக்கம் போலவே இருந்தது. அழுத்தினாள். உண்மையில் அழுந்தியது, ஊழியர் கோப்புகளை வெளியாளுக்குத் திறந்துவிடும் அனுமதி. யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் விவாகரத்து வழக்கு, அத்தனையும் போயிற்று. தன்னைக் கேட்காமல் அவளாக அழுத்திவிட்டாள் என்று மேலதிகாரி கைகழுவிவிட்டார்.

(பொறியைப் பற்றிய பாடத்தைப் படித்ததாகச் சொல்லப்போய் அதே பொறியில் விழுவதா? நான் கற்பனை செய்திருந்தால் வெட்டியிருப்பேன்.)

4

நேற்று அவளே என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு விசாரணை சார். நீங்கல்லாம் படிச்சதாத்தான் பதிவாகியிருக்கு. எல்லாருக்கும் நான்தான் கிளிக் பண்ணேன்னு சொன்னா யாரு நம்புவாங்க? வேலை போச்சுன்னா வீட்டுல என்னன்னு சொல்றது?"

போகத் திரும்பியவள் நின்று, "உங்களுக்கும் நான்தானே பண்ணேன். அது கதையில வருமா?" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றேன். வெட்கங்கெட்ட பதில்.

5

முடிவுகள்:

அ) அவள் மன்னிப்புக் கடிதம் கொடுக்கிறாள், வேலை போகிறது, மற்றவர்கள் திருந்துகிறார்கள். மேலதிகாரி இதற்கு இப்போதே தலையாட்டிவிட்டார்.

ஆ) மேலதிகாரி தன் தவறை ஒப்புக்கொள்கிறார். மாயாஜாலக் கதை எனக்கு வராது.

இ) பிரிவே எழுந்து நின்று, 'எங்களுக்கும் அவள்தான்…' (மற்ற ஏழு பேரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குத் திடீர்த் தலைவலி. இன்னொருவர், "நான் முழுசா படிச்சேனாக்கும்" என்றார். மீதிப் பேர் அவசரமாகச் சாப்பிடப் போய்விட்டார்கள், காலை பத்து மணிக்கு.)

6

'முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்' என்று எழுதினேன். நாகரிகமாகத்தான் இருந்தது. பிறகு உறைத்தது: என் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதில் எனக்குத்தான் எத்தனை பழக்கம்!

அந்த வரியையும் அடித்துவிட்டேன். என் கடவுச்சொல்லைக் கொடுத்தவன் நானே, எந்தப் பாடத்தையும் படித்ததில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தாளால் என்ன ஆகும், எனக்குத் தெரியாது. என் வேலையும் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

மணி பதினொன்று. அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதையை இங்கேயே நிறுத்திவிட்டுத் தாளோடு எழுகிறேன், உள்ளே அவள் தனியாக இருக்கிறாள்.