அவனே எடுத்த தட்டு

ஹுப்பள்ளி அலுவலகத்தில் அன்று மூன்று பேர். சன்னலோரக் கணினி முன் நாகவேணி. பிரிண்டருக்குப் பக்கத்தில் குருபாதன். வாசலைப் பார்த்த மேசையில் முதலாளி வீரேஷ், கையில் ஒரு கடிதத்தோடு. மிச்சமிருந்த நாற்காலியில் பால் சோதிக்கும் இயந்திரம்.

நாகவேணி எழுதிய நிரல், இயந்திரத்தோடு வந்த டி.எல்.எல். என்ற துணைநிரல் கோப்பை ஓடும்போதே ஏற்றும். அதிலுள்ள, கொழுப்பை அளந்து சொல்லும் ஃபங்ஷனின் முகவரியைக் கேட்டு வாங்கி, பாயிண்டரில் வைத்து, அதன் வழியாக அழைக்கும். கொழுப்பு அளவு சரியாகவே வரும். வந்த கையோடு நிரல் சுருண்டு விழும். கோப்பில்தான் கோளாறு என்று அவள் சொன்னதை நம்பி, இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதாக, அதைச் செய்த கம்பெனியைத் திட்டி வீரேஷ் எழுதிவிட்டார். இயந்திரம் போனால் பால் சங்கத்து வேலை போகும். அதற்கென்றே சேர்த்த நாகவேணியும் போக வேண்டியதுதான்.

"முதல்ல கிர்மிட் சாப்பிடுங்க சார். பசியையும் சேர்த்து உறையில ஒட்டிடாதீங்க," என்றான் குரு.

எதிர்க்கடை கல்லவ்வா காரப்பொரித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். குரு சீக்கிரம் தின்று, தன் தட்டைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்த கல்லவ்வா, அவன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, பக்கத்திலிருந்த தட்டைத் தூக்கினாள்.

"யவ்வா, அது என்னோடது. இன்னும் பாதி இருக்கு," என்றார் வீரேஷ்.

"குரு எந்திரிச்சிட்டானேன்னு எடுத்தேன். அவன் தட்டை அவனே எடுத்துட்டான்னு எனக்கு யார் சொன்னா?"

நாகவேணியின் கை வாயருகே நின்றது. அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகள் நினைவகத்தில் ஓர் அடுக்கில் இருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை அழைத்த நிரல், அழைக்கப்பட்ட ஃபங்ஷன் இரண்டில் ஒன்றுதான் அகற்ற வேண்டும். இந்த ஃபங்ஷன் தானே அகற்றிவிடும். பாயிண்டரை அறிவிக்கும்போது அதைச் சொல்லும் ஒற்றைச் சொல்லை அவள் விட்டிருந்தாள். அதனால் அவள் நிரலும் இன்னொரு தடவை அகற்றி, வேறு எதற்கோ உரியதைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாயிண்டர் என்று வந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நாம் சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

சொல்லைச் சேர்த்து ஓட்டினாள். அளவு வந்தது, நிரல் விழாமல் ஓடியது. குரு பால் தீரும் மட்டும் ஊற்றிப் பார்த்தான். அப்போதும் விழவில்லை.

"சார், தப்பு கம்பெனிக்காரங்க மேல இல்ல. என் மேலதான்."

"அப்போ இதுல நான் திட்டினதெல்லாம்?"

"விலாசத்தை மட்டும் மாத்துங்க சார். அக்கா இங்கதானே இருக்காங்க," என்றான் குரு.

வீரேஷ் சிரித்தபடி கடிதத்தைக் கிழித்தார். நிரல் தயார் என்று பால் சங்கத்துக்கு நாகவேணியே எழுதினாள். நிரல் பதிந்த குறுந்தகட்டோடு மடித்து வைத்து, உறையின் வாயை ஒட்டி, வாசலில் வந்து நின்ற கூரியர்காரரிடம் நீட்டினாள்.