தேவமாறன் ஆம்பூரில் இருந்த இரண்டு வருடம்

நடிகர் தேவமாறன் சின்ன வயதில் ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் வேலை பார்த்தார் என்று முதலில் எழுதியவள் நான்தான். அது முழுப் பொய். 1999இல் சென்னையில் ஒரு சினிமா வாரப் பத்திரிகையில் இருந்தேன். அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு விளம்பரம் கழன்றுகொண்டதால் அரைப் பக்கம் காலி. "ஆக்னஸ், அந்தப் புது ஹீரோவைப் பத்தி எதையாவது போடு!" என்று ஆசிரியர் கத்தினார். போனில் ஆள் கிடைக்கவில்லை. நான் வேலூர்க்காரி, கைக்கு முதலில் வந்தது ஆம்பூர்தான். பதினாறு வயதில் இரண்டு வருடம் தோல் சுமந்தார், பசித்த மத்தியானங்களில் ஒரு பாய் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார் என்று எழுதித் தள்ளினேன். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடமே தேவமாறன் அதை டிவியில் கண் கலங்கச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். இப்போது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதற்குமுன் ஐந்து நட்சத்திரங்களுக்கு எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. பதிப்பகத்து எடிட்டர் ஹேமலதா ஒரே பிடியாக நின்றாள். "ஆம்பூர் அத்தியாயத்துக்கு ஒரு சாட்சி வேணும் மேடம். இல்லன்னா எடுத்துடுவோம்."

தேவமாறனையே கேட்டேன். "சார், நிஜமாவே ஆம்பூர்ல இருந்தீங்களா?"

"என்ன ஆக்னஸ், நீங்கதானே எழுதினீங்க!" என்று சிரித்துவிட்டு ஷாட்டுக்குப் போய்விட்டார்.

இது ஆமாமா, இல்லையா? இந்த மனுஷன் என்னை ஓட்டுகிறாரா? ஒருவேளை யாரோ சொல்லக் கேட்டுத்தான் எழுதினேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். 1986 வரை சேலத்தில்தான் படித்திருக்கிறார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. ஆம்பூர் ரசிகர் மன்றத்துக்குப் போன் போட்டால், "ரொட்டி பாயா? இருக்காரே!" என்று விலாசமே கொடுத்தார்கள்.

ரொட்டி பாயின் பெயர் ஆபித் பாஷா. எழுபது தாண்டியிருக்கும். வெள்ளை லுங்கியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்தார்.

"வா மா. தேவமாறன் அனுப்பிச்சாரா?"

"இல்ல பாய், நானே வந்தேன். அவருக்கு ரொட்டி குடுத்தது நீங்களா?"

"நான்தான் மா. எண்பத்தி நாலுல நான் மேஸ்திரி. ரெண்டு வருஷம் என் கைக்குக் கீழதான் இருந்தான். டெய்லி என் டப்பாவுலதான் கை வைப்பான்."

நான் மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்த ரொட்டி இவர் டப்பாவுக்குள் எப்படிப் போனது?

"அப்போ அவருக்கு இன்னா பேரு பாய்?"

"ஏழுமலை. காவேரிப்பாக்கத்துப் பையன். சினிமாவுக்காக மாத்திக்கினான் போல, மூஞ்சியும் மாறிடுச்சு. அதான் எனக்கு மொதல்ல தெரியல. பத்திரிகையில வந்துச்சு பாரு, பதினாறு வயசு, ரெண்டு வருஷம், ரொட்டி, எல்லாம் சரியா இருந்துச்சு. நம்ம ஏழுமலைதான்டான்னு தெருவெல்லாம் சொன்னேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"புக்குல ஒண்ணு எழுதணும் மா. ரம்ஜான் லீவுல நான் நாள் கணக்க விட்டுட்டேன். தோல் சுண்ணாம்புக் குழியில ஒரு நாள் ஜாஸ்தி ஊறிடுச்சு. மொத்தமும் தொளதொளன்னு ஆயிடுச்சு. மொதலாளி வந்து யாருன்னு கேட்டாரு. நான் பையன கைகாட்டிட்டேன். அங்கேயே அடிச்சுத் தொரத்திட்டாங்க. அவன் ஒண்ணும் பேசல மா, என்னையே பார்த்துக்கினே போனான். தப்பு பாஷாவோடதுன்னு எழுது. ஏழுமலை பேரு சுத்தமாவணும்."

"இத அவர்கிட்ட சொன்னீங்களா?"

"வேலூருக்கு ஒரு ஃபங்ஷனுக்கு வந்தப்போ கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டேன். 'விடுங்க பாய், அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்'னு கட்டிப் புடிச்சிக்கினாரு. அன்னிக்குத்தான் மா நான் நிம்மதியா தூங்குனேன்."

அடப்பாவி தேவமாறா! என்ன ஏது என்று கேட்காமல் மன்னித்திருக்கிறான். ஹேமலதா கேட்ட சாட்சி இதோ, என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. குறித்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை என்று எழுதுகிறேனா என்று பார்க்கிறார். என்னால் முடியவில்லை.

"பாய், அத எழுதுனது நான்தான். எல்லாம் நானா ஜோடிச்சது. தேவமாறன் ஆம்பூர்ல இருந்ததே இல்ல. அந்த வருஷமெல்லாம் சேலத்துல படிச்சிட்டிருந்தாரு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ ஏழுமலை எங்க மா?"

"தெரியல பாய்."

"வெள்ளிக்கிழமை லீவு ஆனா காவேரிப்பாக்கம் போய்டுவேன் மா. ஏரிக்கரை, பஸ் ஸ்டாண்டுன்னு ஒரு எடம் விடல. பதிமூணு வருஷம் தேடுனேன். நீ எழுதுனத படிச்ச அன்னிக்கு, கெடச்சிட்டான்னு தேடுறத விட்டுட்டேன்."